டிஇஏ என்றால் எது? வேதியியல் சுருக்கங்களை அவிழ்க்கும் வழி

காப்புரிமை ஆவணம் ஒன்றின் செய்முறையில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "டிஇஏ (10.1 கிராம், 0.10 மோல்) சேர்த்து, 0 டிகிரியில் கலக்கவும்." டிஇஏ என்ற சுருக்கத்தை டிரைஎத்தில்அமீனுக்கும் எழுதுவார்கள், டிரைஎத்தனால்அமீனுக்கும் எழுதுவார்கள், டிரைஎத்தில்அலுமினியத்துக்கும் எழுதுவார்கள். முதலாவது கடும் நெடியுள்ள, எளிதில் ஆவியாகும் காரம். இரண்டாவது முகப்பூச்சுகளில் சேர்க்கப்படும் பிசுபிசுப்பான திரவம். மூன்றாவது காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும். சுருக்க அகராதி மூன்றையும் வரிசையாகத் தந்துவிட்டு நின்றுவிடும்.

விடை அந்த வரியிலேயே இருக்கிறது. கிராமை மோலால் வகுத்தால் மூலக்கூறு எடை வரும்: 10.1ஐ 0.10ஆல் வகுத்தால் 101. டிரைஎத்தில்அமீனின் மூலக்கூறு எடை 101.19. டிரைஎத்தனால்அமீனுக்கு 149.19, டிரைஎத்தில்அலுமினியத்துக்கு 114.17. ஒரே வகுத்தலில் இரண்டு பெயர்கள் கழிந்துவிட்டன.

வேதியியல் நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் முதலில் பழக வேண்டியது இந்த வகுத்தல்தான். அகராதி சாத்தியங்களைத் தரும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சான்று எப்போதும் மூலத்தில்தான் இருக்கிறது: எடை, மோல், கொதிநிலை, அலகு, அந்தப் பொருள் செய்யும் வேலை. சான்று இல்லாமல் விரித்து எழுதிய சுருக்கம், சுருக்கமாகவே விட்டதைவிட ஆபத்தானது. வாசகர் அதன்பின் சந்தேகப்படமாட்டார்.

கிராமுக்குப் பதில் மில்லிலிட்டர் கொடுத்திருந்தாலும் கணக்கு நடக்கும். அடர்த்தியால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். டிரைஎத்தில்அமீனின் அடர்த்தி 0.726. "13.9 மில்லி, 0.10 மோல்" என்று இருந்தால் 13.9 × 0.726 = 10.1 கிராம், மறுபடி 101. இந்தக் கணக்கில் இன்னொரு நன்மையும் உண்டு. ஜெர்மன், பிரெஞ்சு மூலங்களில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். "1,012 கிராம்" என்பதை ஆயிரத்துப் பன்னிரண்டு என்று எடுத்துக்கொண்டால் மூலக்கூறு எடை ஆயிரம் மடங்கு தவறி வரும், அங்கேயே பிடிபடும்.

உப்புகளிலும் நீரேற்றங்களிலும் இதே கணக்கு இன்னும் நுட்பமாக உதவும். ஈடிடிஏ என்று ஆவணம் சொல்லும். ஆனால் ஆய்வகத்தில் புட்டியில் இருப்பது பெரும்பாலும் அமிலம் அல்ல, அதன் டைசோடியம் உப்பின் இருநீரேற்றம். அமிலத்தின் மூலக்கூறு எடை 292.24, இருநீரேற்ற உப்புக்கு 372.24. "ஒரு லிட்டருக்கு 37.2 கிராம், 0.1 மோலார்" என்று மூலம் சொன்னால் அது உப்புதான். இதை வெறும் "எத்திலீன்டைஅமீன் டெட்ராஅசெட்டிக் அமிலம்" என்று விரித்துவிட்டால், படிப்பவர் அமிலத்தை வாங்கி அதே 37.2 கிராம் போடுவார். செறிவு கால்பங்குக்கு மேல் கூடிவிடும். அதோடு, அந்த அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையவும் செய்யாது.

எண்ணே இல்லாத இடத்தில் வேலையைப் பாருங்கள்

எல்லா ஆவணமும் மோல் கணக்குத் தருவதில்லை. அப்போது அந்தப் பொருள் அங்கே என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். "50 மில்லி டிஎம்எஃப்பில் கரைத்து" என்றால் கரைப்பான், அதாவது டைமெத்தில்ஃபார்மமைடு. "டிஎம்எஃப் 240 மி.கி. கேப்சூல்" என்றால் டைமெத்தில் ஃபியூமரேட் என்ற மருந்து, அது திண்மம், கரைப்பானே அல்ல. மருந்து ஒழுங்குமுறைக் கடிதத்தில் "டிஎம்எஃப் எண்" என்று வந்தால் அது வேதிப்பொருளே இல்லை. மருந்து மூலப்பொருள் பற்றி உற்பத்தியாளர் ஒப்படைக்கும் கோப்பு. இந்த மூன்றும் ஒரே மருந்து நிறுவனத்தின் ஒரே கோப்புறைக்குள் வரக்கூடியவை என்பதுதான் சிக்கல்.

ஏசிஎன் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. திரவ நிறப்பகுப்பு முறையில் "நீர்/ஏசிஎன் 60:40" என்றால் அசெட்டோநைட்ரைல். நைட்ரைல் ரப்பரின் விவரத்தாளில் "ஏசிஎன் 33%" என்றால் அக்ரிலோநைட்ரைல். அந்த ரப்பரின் சங்கிலியில் அந்த அலகு எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது, எண்ணெயைத் தாங்கும் திறன் அதைப் பொறுத்தது. கரைப்பானின் பெயரை அங்கே எழுதினால் ரப்பரில் 33% கரைப்பான் இருப்பதாக அர்த்தமாகும்.

பிவிஏ என்பதும் அப்படியே. நீரில் கரையும் படலம், "நீராற்பகுப்பு அளவு 88%" போன்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் பாலிவினைல் ஆல்கஹால். பால்மம், மர ஒட்டுப்பசை என்று பேசினால் பாலிவினைல் அசெட்டேட். ஐஎஸ்ஓ 1043 தரநிலை இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே ஆல்கஹாலுக்கு பிவிஏஎல் என்றும் அசெட்டேட்டுக்கு பிவிஏசி என்றும் தனித்தனிக் குறியீடு வைத்திருக்கிறது. ஆனால் தொழிற்சாலைக் குறிப்பு எழுதுகிறவர்கள் அதைப் பின்பற்றுவதில்லை.

டிசிஇ விஷயத்தில் துறைதான் தீர்ப்புச் சொல்லும். கரிம வேதியியல் செய்முறையில் வந்தால் 1,2-டைகுளோரோஈத்தேன், கொதிநிலை 83 டிகிரி. நிலத்தடி நீர் மாசு அறிக்கையில் வந்தால் டைகுளோரோஎத்திலீன். மண்ணில் பாக்டீரியா டெட்ராகுளோரோஎத்திலீனிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும்: நான்கு குளோரின், மூன்று, இரண்டு, கடைசியில் ஒரே குளோரின் உள்ள வினைல் குளோரைடு. அட்டவணையில் இந்த நான்கும் அடுத்தடுத்த பத்திகளில் நின்றால், இரண்டு குளோரின் உள்ளது அந்தச் சங்கிலியின் மூன்றாவது கண்ணி என்று உறுதியாகச் சொல்லலாம்.

பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடத்தில் ஓர் எழுத்து விடுபட்டாலே பெரிய வேறுபாடு. எம்இகே என்பது மெத்தில் எத்தில் கீட்டோன், சாதாரணக் கரைப்பான். எம்இகேபி அதன் பெராக்சைடு. பாலியெஸ்டர் பிசினை இறுகவைக்கும். கண்ணாடியிழைப் படகு, தொட்டி செய்பவர்களின் குறிப்புகளில் "பிசினுக்கு 1–2% எம்இகே சேர்க்கவும்" என்று கடைசி எழுத்தை விட்டே எழுதியிருக்கும். கரைப்பான் பிசினை இறுக்காது. ஆகவே சொல்லவந்தது பெராக்சைடுதான். இங்கே மூலத்தை அப்படியே பின்பற்றுவது நேர்மை ஆகாது. பெராக்சைடு என்று எழுதி, மாற்றியதையும் காரணத்தையும் குறிப்பில் சொல்ல வேண்டும். அதே பக்கத்தில் பிசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் முடுக்கி பற்றியும் இருக்கும். அதையும் பெராக்சைடையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும்; முடுக்கியை முதலில் பிசினில் கலந்துவிட்டுப் பிறகுதான் பெராக்சைடு. சுருக்கம் தவறினால் இந்த எச்சரிக்கையே அர்த்தமற்றுப் போகும்.

பிஎச்சி, எச்சிபி என்ற இரண்டும் ஒரே மூன்று எழுத்துகள் இடம் மாறியவை. முன்னது பென்சீன் ஹெக்சாகுளோரைடு, லிண்டேன் அதன் ஒரு மாற்றியம். பெயரில் பென்சீன் இருந்தாலும் அதில் பென்சீன் வளையம் கிடையாது. பின்னது ஹெக்சாகுளோரோபென்சீன், அதில் வளையம் உண்டு, ஹைட்ரஜன் ஒன்றுகூட இல்லை. பூச்சிக்கொல்லி எச்ச அட்டவணைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் வரும்.

அலகைப் பார்த்தால் போதும்

பொருளின் பெயரல்ல, பண்பின் பெயர் சுருங்கியிருந்தால் வேலை எளிது. எல்ஓடி என்பது உலர்த்தலில் ஏற்படும் எடையிழப்பா, கண்டறியும் கீழெல்லையா? "105 டிகிரியில் 3 மணி நேரம், 0.5%க்கு மிகாமல்" என்றால் எடையிழப்பு. "0.02 பிபிஎம்" என்று மொட்டையாக நின்றால் கீழெல்லை. எல்ஓஐ சிமெண்ட், களிமண் ஆய்வில் எரித்தலில் ஏற்படும் இழப்பு. தீத்தடுப்புப் பிளாஸ்டிக்கில் வந்தால் எரிந்துகொண்டிருக்கத் தேவையான குறைந்தபட்ச ஆக்சிஜன் சதவீதம். இரண்டுக்கும் அலகு சதவீதமே என்பதால் இங்கே மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்: உயர் வெப்பநிலை குறிப்பிட்டிருந்தால் முன்னது, 21க்கு மேல் 28, 32 என்று எண் வந்து பொருள் பாலிமராகவும் இருந்தால் பின்னது. ஐவி 0.8 டெசிலிட்டர்/கிராம் என்றால் பெட் பாட்டில் பிசினின் உள்ளார்ந்த பாகுநிலை. 130 என்று வந்து பக்கத்தில் சோயா எண்ணெய் இருந்தால் அயோடின் மதிப்பு.

எஸ்டிஎஸ் என்ற சுருக்கம் பாதுகாப்புத் தரவுத் தாளுக்கும் சோடியம் டோடெசில் சல்ஃபேட்டுக்கும் பொது. "10% எஸ்டிஎஸ் கரைசல்" என்பதில் யாரும் தடுமாற மாட்டார்கள். "எஸ்டிஎஸ் பார்க்கவும்" என்பதிலும் அப்படியே. பழைய மொழிபெயர்ப்புகளைச் சேமித்து மீண்டும் தரும் நினைவுப்பொறி மென்பொருள் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் தானாக நிரப்பிவிடுவதுதான் நடக்கும் தவறு. அதனால் சொற்பட்டியலில் இத்தகைய சுருக்கங்களுக்குத் தானியங்கி நிரப்பலை நிறுத்திவைப்பது நல்லது.

சுருக்கத்தோடு ஒட்டிய எண்கள்

பெக் 400 என்றால் பாலிஎத்திலீன் கிளைக்காலின் சராசரி மூலக்கூறு எடை 400. அழகுசாதனப் பொருளின் உட்பொருள் பட்டியலில் பெக்-8 என்றால் எத்திலீன் ஆக்சைடு அலகுகள் சராசரியாக 8. இரண்டும் ஒரே பொருள். எண் வேறு என்பதற்காக இரண்டு பதிவு போட வேண்டாம்; அதைவிட முக்கியமாக, 8ஐ எடை என்று நினைத்துக் குறிப்பு எழுத வேண்டாம்.

குளிர்பதன வாயுக்களின் எண்களை மனத்திலேயே அவிழ்க்கலாம். எண்ணோடு 90ஐக் கூட்டுங்கள். வரும் மூன்று இலக்கங்கள் முறையே கார்பன், ஹைட்ரஜன், ஃப்ளூரின். ஆர்-134ஏ: 134 + 90 = 224. கார்பன் 2, ஹைட்ரஜன் 2, ஃப்ளூரின் 4. இரண்டு கார்பனுக்கு ஆறு இடம். ஆறும் நிரம்பிவிட்டன, குளோரின் இல்லை. ஆர்-22: 22 + 90 = 112. கார்பன் 1, ஹைட்ரஜன் 1, ஃப்ளூரின் 2. நான்கில் மூன்று இடம்தான் நிரம்பியது, மீதி ஒன்று குளோரின். ஆகவே குளோரோடைஃப்ளூரோமீத்தேன். ஆர்-290க்கு 380: கார்பன் 3, ஹைட்ரஜன் 8, வெறும் புரொப்பேன். 400, 500 வரிசைகள் கலவைகள் என்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. 700 வரிசையில் 700ஐக் கழித்தால் மூலக்கூறு எடை வரும்: 717 அம்மோனியா, 744 கார்பன் டைஆக்சைடு.

உரப்பையில் 18-46-0 என்ற எண்களுக்கும் விளக்கம் தேவை. நடு எண் தனிப் பாஸ்பரஸ் அல்ல, பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்ட அளவு. தனிமமாக வேண்டுமானால் 0.436ஆல் பெருக்க வேண்டும், 46% என்பது சுமார் 20% ஆகும். "46% பாஸ்பரஸ்" என்று மொழிபெயர்ப்பது அளவை இருமடங்குக்கு மேல் ஊதிவிடும். அதே துறையில் டிஎஸ்பி என்றால் டிரிபிள் சூப்பர்பாஸ்ஃபேட். துப்புரவுப் பொருள் பற்றிய நூலில் அதே எழுத்துகள் டிரைசோடியம் பாஸ்ஃபேட்.

எல்லாவற்றிலும் வழுக்கலானது சிமெண்ட் வேதியியலின் குறியீடு. அங்கே சி என்பது கார்பன் அல்ல, கால்சியம் ஆக்சைடு. எஸ் கந்தகம் அல்ல, சிலிக்கா. ஏ அலுமினா, எஃப் இரும்பு ஆக்சைடு, எச் தண்ணீர். சி3எஸ் என்றால் டிரைகால்சியம் சிலிக்கேட். சி4ஏஎஃப் நான்கு கால்சியம் ஆக்சைடும் அலுமினாவும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்த ஃபெர்ரைட் நிலை. பொது வேதியியல் பழக்கத்தில் வருபவர் இதை மூலக்கூறு வாய்பாடு என்று எண்ணிக் கார்பனையும் கந்தகத்தையும் கொண்டுவந்துவிடுவார். கான்கிரீட் பற்றிய நூலில் வழக்கமான வாய்பாடும் இந்தக் குறியீடும் ஒரே பத்தியில் கலந்து வரும் என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

வேறு மொழி வழியாக வந்த சுருக்கங்கள்

ஆங்கில மூலம் என்று கையில் வருவது பல சமயம் ஜெர்மனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ அரைகுறையாகப் பெயர்க்கப்பட்டதாக இருக்கும். சுருக்கங்கள் மட்டும் பழைய மொழியிலேயே தங்கிவிடும். கழிவுநீர் அறிக்கையில் டிசிஓ என்று வந்தால் அது பிரெஞ்சில் வேதி ஆக்சிஜன் தேவை. ஜெர்மனில் அதுவே சிஎஸ்பி. பிரெஞ்சில் எம்இஎஸ் என்றால் தொங்கு திண்மங்கள். உயிர்வேதியியலில் அதே எம்இஎஸ் ஒரு தாங்கல் கரைசல். ஜெர்மன் மூலத்தில் எஃப்பி என்றால் பெரும்பாலும் உருகுநிலை. ஆங்கில விலைப்பட்டியலில் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை. டைமெத்தில்ஃபார்மமைடுக்குப் பக்கத்தில் −61 என்று இருந்தால் உருகுநிலை, 58 என்று இருந்தால் தீப்பற்றும் வெப்பநிலை. ரஷ்யச் சுருக்கங்களில் ஹைட்ரோ என்பது "கிட்ரோ" என்றே எழுதப்படுவதால், டெட்ராஹைட்ரோஃபியூரானின் சுருக்கத்தில் நடுவெழுத்து ககர ஒலியுடையதாக இருக்கும். பழைய ஜெர்மன் நூல்களில் அயோடினின் குறி ஐ அல்ல, ஜே. அமெரிக்க உலோகவியல் நூல்களில், 1949இல் நயோபியம் என்ற பெயர் முடிவான பிறகும், அதன் பழைய பெயரான கொலம்பியத்தின் குறி நீடித்தது. ஆர்கானுக்கு 1957 வரை ஓரெழுத்துக் குறிதான்.

தமிழ் எழுத்தில் வரும் தனிச் சிக்கல்

இந்தப் பதிவில் எல்லாச் சுருக்கங்களும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. ஒப்படைக்கும் தொழில்நுட்ப ஆவணத்தில் அப்படிச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தமிழ் எழுத்தில் டி என்பது இரண்டு ரோமன் எழுத்துகளுக்குப் பொது; பி என்பதும் அப்படியே. விளைவு என்ன? டைஎத்தனால்அமீனும் டிரைஎத்தனால்அமீனும் டிஇஏ ஆகிவிடும். டைஎத்திலீன் கிளைக்காலும் டிரைஎத்திலீன் கிளைக்காலும் டிஇஜி. டைகுளோரோஈத்தேனும் டிரைகுளோரோஎத்திலீனும் டிசிஇ. பாலிகுளோரினேற்ற பைஃபினைல்களும் பென்டாகுளோரோஃபீனாலும் பிசிபி. மூலத்தில் இல்லவே இல்லாத குழப்பத்தை நாமே உண்டாக்குகிறோம். இவற்றுள் டைஎத்திலீன் கிளைக்கால் 1937இல் அமெரிக்காவில் ஒரு திரவ மருந்தில் கரைப்பானாகச் சேர்க்கப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கிளைக்கால் பெயர்களில் ஈவு இரக்கமில்லாத துல்லியம் வேண்டும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் தமிழில் மறைந்துவிடும். சிஓ என்றால் கோபால்ட்டா, கார்பன் மோனாக்சைடா? எச்எஃப் என்றால் ஹாஃப்னியமா, எலும்புவரை ஊடுருவும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடா? ஆங்கில மூலத்திலும் தலைப்பு முழுதும் பெரிய எழுத்தில் இருந்தால் இதே சிக்கல் எழும். அப்போது உடற்பகுதியில் அந்தச் சொல் எப்படி வருகிறது என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் தலைப்பைத் தொட வேண்டும்.

ஆகவே முதல் வருகையில் முழுப்பெயரைத் தமிழிலும் சுருக்கத்தை ரோமன் எழுத்திலும் தாருங்கள். பிறகு ரோமன் சுருக்கம் மட்டும். தமிழ் எழுத்து மட்டுமே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வோர் இடத்திலும் முழுப்பெயர். நீளும்தான், நீளட்டும். முழுப்பெயரிலும் ஈற்றைக் கவனியுங்கள்: சல்ஃபைடு, சல்ஃபைட்டு, சல்ஃபேட்டு மூன்றும் வேறு பொருள்கள். முதலிரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு ஒற்றெழுத்து.

சிஏஎஸ் எண்ணைச் சோதிக்கும் முறை

பாதுகாப்புத் தரவுத் தாள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதன் 16 பிரிவுகளில் 3ஆவதில் உட்பொருள்களும் சிஏஎஸ் எண்களும் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தரப்படும் தனிப் பதிவு எண்), 9ஆவதில் கொதிநிலை முதலிய பண்புகளும், 14ஆவதில் போக்குவரத்துக்கான ஐ.நா. எண்ணும் இருக்கும். சிஏஎஸ் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. அதை விட்டுவிட்டு, மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் ஒன்றாம் இலக்கம் அந்தக் கடைசி இலக்கமாக வர வேண்டும். டைமெத்தில்ஃபார்மமைடு 68-12-2: 2×1 + 1×2 + 8×3 + 6×4 = 52. ஒன்றாம் இலக்கம் 2, சரி. வருடிய கோப்பில் 8 என்பது 3 ஆகி 63-12-2 என்று வந்திருந்தால் கூட்டுத்தொகை 37, இடிக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிபடும். எல்லாப் பிழையையும் பிடிக்காது என்பதால், எண் கணக்கில் தேறினாலும் பொருளின் பெயரோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ஈடிடிஏ அமிலம் 60-00-4, டைசோடியம் உப்பு 139-33-3, அதன் இருநீரேற்றம் 6381-92-6: மூன்றும் கணக்கில் தேறும், மூன்றும் வேறு.

சொற்பட்டியலில் சுருக்கம், விரிவு என்று இரண்டு பத்தி மட்டும் வைப்பதால் பயனில்லை. சிஏஎஸ் எண், துறை, எந்தச் சான்றால் முடிவு செய்தோம் என்ற மூன்றையும் சேருங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே சுருக்கத்தைக் கண்டால், "மூலக்கூறு எடை 101, பக்கம் 6" என்ற குறிப்பு அவருக்கு எந்த அகராதியையும்விட உதவும்.

எந்தச் சான்றும் கிடைக்காதபோது வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். கேட்கும் விதமும் முக்கியம். "டிசிஇ என்றால் என்ன?" என்று கேட்டால் திட்ட மேலாளர் தேடுபொறியில் முதலில் வருவதை அனுப்பிவிடுவார். "பக்கம் 14, படி 3: 83 டிகிரியில் மீள்கொதிப்பு என்று வருவதால் இதை 1,2-டைகுளோரோஈத்தேன், சிஏஎஸ் 107-06-2 என்று கொள்கிறோம். பக்கம் 20இல் நீர் மாதிரி அட்டவணையில் வருவதும் இதே பொருளா, டைகுளோரோஎத்திலீனா?" என்று கேட்டால் அது ஆய்வகத்தில் இருப்பவரிடம் போய்ச் சேரும், ஒரே வரியில் பதில் வரும். அதுவரை இரண்டாவது இடத்தில் சுருக்கத்தை மூலத்தில் உள்ளபடியே விட்டு, வண்ணமிட்டுக் கருத்துரை சேர்த்து வையுங்கள். பதில் வராமலே ஒப்படைக்கும் நாள் வந்துவிட்டால், அந்தக் கருத்துரையை அழிக்காமல் கோப்போடு அனுப்புங்கள்.